ஏழு நாள், ஒரு மணி நேரம்

ஜனவரி 10, செவ்வாய்

பயிற்சி இன்றோடு முடிந்தது. மூன்று நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஒரு அட்டை, ஒரு வருட ஒப்பந்தம். ஜெசிந்தா, வயது நாற்பத்திரண்டு, வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் களப்பணியாளர். அஞ்சல் வழியில் படித்த பொருளாதாரம் இத்தனை வருடம் கழித்து எதற்கோ உதவிவிட்டது. இந்த டைரியும் அங்கே கொடுத்ததுதான். பிரின்சி நர்சிங் படிக்க மதுரை ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் குறைவு. டைரி கேட்கட்டும்.

வேலையின்மையில் எத்தனை வகை என்று ஒரு மதியம் முழுக்கப் பாடம். அறுவடை முடிந்ததும் கை ஓய்ந்துபோகிறவருக்குப் பருவகால வேலையின்மை. ஒருவர் பார்க்கும் வேலையை நான்கு பேர் பார்த்தால் மறைமுக வேலையின்மை. சந்தை படுக்கும்போது வருவது சுழற்சி. சந்தை எழுந்தால் அதுவும் போய்விடும். தொழிலே மாறிப்போய், கையில் இருக்கும் வித்தை யாருக்கும் வேண்டாததாகிவிட்டால் அமைப்புசார் வேலையின்மை. அது லேசில் போகாது. எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டேன்.

ஆனால் வீடு வீடாகப் போய் நாங்கள் வகையைக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கடந்த ஏழு நாளில், ஏதாவது ஒரு நாளில், ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். பார்க்கவில்லை, ஆனால் தேடினார், அல்லது கிடைத்தால் பார்க்கத் தயார் என்றால் வேலையில்லாதவர், குறியீடு 81. தேடவும் இல்லை, தயாராகவும் இல்லை என்றால் 97. அவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

வேலைக்கு டேப், பயிற்சிக்குத் தாள். வீட்டுப்பாடமாக இரண்டு தாள் படிவம் கொடுத்தார்கள். ஒன்றில் என் வீட்டையே பென்சிலால் நிரப்பினேன். ஆரோக்கியதாஸ், கணவர், 46, வெல்டர்: குறியீடு 31, மாதச் சம்பளக்காரர். இன்னொன்று டைரியின் பின் உறையில் காலியாக இருக்கிறது.

ஜனவரி 18, புதன்

காட்டூரில் எட்டு வீடு எனக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக வருடத்தில் நான்கு தடவை அதே எட்டு வீட்டுக்குப் போக வேண்டும். யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இங்கேயும் வீட்டு எண்தான்.

ஏழாம் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தொரு வயது. துவாக்குடியில் ஒரு பட்டறை ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். அதை மூடி பத்து மாதம் ஆகிறது. நான் வருவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்ததால் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மாவு யார் அரைக்கிறது என்று கேட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் தான்தான் அரைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்.

அப்படியானால் 21. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். வேலையில் இருப்பவர். அப்படித்தான் பதிவு செய்வேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"எனக்கு வேலை இல்லம்மா. பத்து மாசமா நாயா அலையுறேன். அதை அப்படியே எழுதுங்க."

"மாவு அரைக்கிறதும் வேலைதான் சார்."

"அது அவ வியாபாரம். நான் சுவிட்சு போடறேன். இத்தனை வருசம் ஃபிட்டரா இருந்தவன், எங்கயாவது ஒரு எடத்துலயாவது வேலை இல்லாதவன்னு இருக்க வேணாமா?"

விதியை இரண்டு முறை விளக்கினேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் தணிகாசலம் சாரிடம் ஃபோனில் கேட்டேன். நான் செய்ததுதான் சரி, நம் வேலை எழுதுவது, பரிதாபப்படுவது அல்ல என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆளுக்கு ஏற்றபடி விதியை வளைத்தால் கணக்கு எதற்கு?

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது, பெயர் சொல்லாமல், என் வீட்டுக்காரர் இவரிடம் சொன்னேன். சுவிட்ச் போடுகிறவனெல்லாம் வேலைக்காரனா என்று புரை ஏறும் வரை சிரித்தார்.

பிப்ரவரி 20, திங்கள்

இவருடைய ஷெட்டில் ஆர்டர் இல்லையாம். பாய்லர் குழாய் வாங்குகிற பெரிய இடங்களில் எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஒரு வாரம் வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்று முதலாளி சொன்னாராம். படிவத்தில் இதற்கும் இடம் உண்டு. வேலை இருக்கிறது, இந்த வாரம் பார்க்கவில்லை: 72. அதுவும் வேலையில் இருப்பவர் கணக்குதான்.

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். இவரும் கோயிலுக்கு வந்தார். வார நாளில் இவர் பூசைக்கு வந்து பல வருடம் ஆகிறது.

மார்ச் 14, செவ்வாய்

ஷெட் திறந்துவிட்டதாம், இப்போதைக்கு ஒரு ஷிஃப்டு மட்டும், ஓவர்டைம் இல்லையாம். காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி நாலு மணிக்கு வந்துவிடுகிறார். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது. வெல்டிங் புகை ஏறிய சட்டையை ஊறவைத்து ஊறவைத்துத்தான் துவைப்பேன். இப்போது ஒரு முறை அலசினாலே போதும். மாற்றிய சோப்பு நன்றாக இருக்கிறது.

இன்று மீன்குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே, ஆர்டர் இல்லாமல் ஷெட் படுத்தால் உங்கள் பாடத்தில் அது எந்த வகை என்று கேட்டார். சுழற்சி என்றேன். சுழற்சி என்றால் திரும்பி வரும் இல்லையா என்றார். வரும் என்றேன். வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் ஒரு குறைப் புள்ளி இல்லாமல் குழாய் ஒட்டுகிறவர் இவர். அந்த வேலையை இப்போது ஒரு மெஷின் செய்கிறது, பக்கத்தில் ஒரு பையன் நின்று பார்த்துக்கொண்டால் போதும் என்று போன வருடம் இவரே சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

ஏப்ரல் 19, புதன்

இரண்டாம் சுற்று. ஏழாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தம்மா பிடித்துக்கொண்டார்.

"வாங்க. நீங்க என்ன கேட்டுட்டுப் போனீங்களோ, ஒரு வாரமா இந்த மனுசன் கிரைண்டர் பக்கம் வரல. நீங்க வர்ற வாரம் தொட மாட்டாராம். நான் ஒருத்தியா கெடந்து சாவுறேன்."

அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அதே தேய்த்த சட்டை. ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தார். எந்தத் தேதியில் எந்தக் கம்பெனி கேட், யாரைப் பார்த்தார், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். பாதிக்கு மேல் "வாட்ச்மேன்" என்று மட்டும் இருந்தது. உள்ளே விடவில்லை என்று அர்த்தம். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது? இல்லை. தேடினீர்களா? நோட்டைத் தட்டிக் காட்டினார்.

81 போட்டேன். அந்த எண்ணைத் தான் பார்க்கலாமா என்று கேட்டார். டேப்பைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது டெல்லி வரைக்கும் போகுமாம்மா?"

போகும் என்றேன். பொய் இல்லை. போகத்தான் செய்கிறது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார். கணக்கில் ஏறுவதற்காக ஒரு மனுஷன் ஒரு வாரம் கிரைண்டரைத் தொடாமல் இருந்திருக்கிறார். நான் கேட்ட கேள்வியால் வந்த வினை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 12, திங்கள்

பிரின்சி ஃபோன் பண்ணினாள். அப்பா பகல் முழுக்க வாட்ஸ்அப்பில் ஆன்லைனிலேயே இருக்கிறாரே என்றாள். ஷெட்டில் ஃபோன் வைத்துக்கொள்ள விட்டிருப்பார்கள் என்றேன். படிக்கிற வேலையைப் பார் என்று கொஞ்சம் சத்தம் போட்டும் விட்டேன்.

ஜூலை 19, புதன்

மூன்றாம் சுற்று. கிரைண்டர் ஓடுகிற சத்தம் தெருவிலேயே கேட்டது. அரைத்துக்கொண்டிருந்தது அந்தம்மா. வீட்டுக்காரர் சட்டைக்கு இரண்டு பொத்தான் மட்டும் போட்டிருந்தார். நோட்டில் ஜூன் பாதியோடு எழுத்து நின்றிருந்தது.

நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார், போன தடவை எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று என்று. மொத்தக் கணக்கில் சேர்ந்திருக்கும், நூற்றுக்கு இத்தனை பேர் வேலையில்லாதவர் என்று அறிக்கை வரும் என்றேன்.

"என் பேரு?"

"பேரு போகாது சார். எண்ணிக்கை மட்டும்தான்."

அவர் நோட்டை மூடி ஓரமாக வைத்தார். தன் பெயர் ஒரு பட்டியலில் ஏறும், அதைப் பார்த்து யாராவது ஒரு கடிதம் போடுவார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏப்ரலில் எனக்கு அது புரியாமல் போயிற்று. இல்லை, புரிந்தது, சொல்ல மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மற்ற கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். தேடவில்லை. கிடைத்தால் பார்ப்பேன். அதனால் இந்த முறையும் 81. எண்ணைப் பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

தணிகாசலம் சார் ஒரு வேலையாகத் துவாக்குடிக்கு அனுப்பினார். ஷெயர் ஆட்டோ இவருடைய ஷெட் வழியாகத்தான் போயிற்று. முன் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கேட்டின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செடி முளைத்திருக்கிறது. பின்பக்கம் வாசல் வைத்திருப்பார்கள்.

நாளைக்குப் புளிசாதம் கட்டித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களோடு தானும் போகப் போவதாகச் சொன்னார். ஷெட்டில் லீவு கொடுப்பார்களா என்று வாய் வரை வந்தது. கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு, வீட்டிலுமா? காவி வேட்டியைத் தேய்த்து வைத்தேன்.

அக்டோபர் 18, புதன்

நான்காம் சுற்று, கடைசிச் சுற்று. ஏழாம் வீட்டுக்காரர் பனியனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. மரியாதைக் குறைவால் அல்ல, எழுந்திருக்கத் தோன்றவில்லை. மாவு அரைப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டதாக அந்தம்மா மெதுவாகச் சொன்னார். இப்போது அந்தம்மா சண்டை கூடப் போடுவதில்லை.

ஒரு மணி நேரமாவது வேலை? இல்லை. தேடினீர்களா? இல்லை.

"கிடைச்சிருந்தா பார்க்கத் தயாரா இருந்தீங்களா சார்?"

"வேணாம்மா."

ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டுப் பதிலைத் தூண்டக் கூடாது என்பது விதி. நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேண்டாம் என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். 97 போட்டேன்.

அலுவலகத்தில் தொகுப்பைப் பார்த்த தணிகாசலம் சார், உங்கள் பகுதியில் வேலையில்லாதவர் ஒருவர் குறைந்திருக்கிறாரே, பரவாயில்லையே என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஜூலையில் இரண்டு பேர், இப்போது ஒருவர். கணக்கு சரி. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே எப்போதும் நாலைந்து புதுத் தீப்பொறிக் காயம் இருக்கும். இப்போது எல்லாம் ஆறி, தோல் சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இவரும் ஒரு நாள் அப்படி வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ? நான் கேட்டால்தானே சொல்வார். அதனால்தான் நான் கேட்காமல் இருக்கிறேனா?

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வருடா வருடம் ஷெட்டில் பூஜை போட்டு, எங்களைப் போன்ற வேதக்காரர்களுக்கும் சேர்த்துப் பொரி கொடுத்தனுப்புவார்கள். செய்தித்தாளில் மடித்த பெரிய பொட்டலம், உள்ளே கடலை, நாட்டுச் சர்க்கரை, ஒரு சின்னத் தேங்காய்ச் சில். இவரும் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பையில், மேலே கடைப் பெயர் ஒட்டியிருந்தது. ஷெட்டில் இந்த வருடம் இப்படிக் கொடுத்தார்கள் என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி முழுவதையும் தின்றேன்.

டிசம்பர் 29, வெள்ளி

டேப்பையும் அட்டையையும் ஒப்படைத்தேன். ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிப்பது மேலிடத்தில் இருக்கிறதாம், கூப்பிடுவார்களாம். இவருடைய முதலாளி சொன்ன அதே வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தணிகாசலம் சார் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

டிசம்பர் 30, சனி

காலை ஏழரை. வழக்கம்போலச் சட்டை போட்டு, டிபன் பாக்ஸுக்குக் கை நீட்டினார். நான் இன்றைக்குக் கட்டவில்லை. உட்காருங்கள் என்றேன். டைரியின் பின் உறையிலிருந்து அந்தக் காலிப் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

முதல் வரியில் பெயர், வயது. பிறகு ஏழு நாளுக்கான கட்டம். தலையைத் தூக்காமல், போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சனிக்கிழமை துவாக்குடியில் மூன்று கேட். ஞாயிறு, கோயில் குடிலுக்கு நட்சத்திரம் கட்டினார், அது சும்மா. திங்கள் கிறிஸ்துமஸ். செவ்வாய் வாழவந்தான்கோட்டை வரை போய், வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதன், ஒரு கிரில் பட்டறையில் ஆள் வராததால் ஒரு ஜன்னலுக்கு வெல்டிங் வைத்தார், ஒரு மணி நேரம். வியாழன், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து?"

"ரயில்வே ஸ்டேஷன். பஸ் ஸ்டாண்டுல தெரிஞ்சவங்க வந்துடறாங்க ஜெசி."

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. "உனக்குத் தெரியும்தானே?" என்று அவர்தான் கேட்டார். தெரியும் என்றேன். மார்ச்சிலிருந்தே தெரியும். பத்து மாதமாக ஒவ்வொரு காலையும் தெரிந்தே டிபன் கட்டியிருக்கிறேன். டைரியில் கூட எழுதாமல் இருந்திருக்கிறேன்.

அவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். புதன்கிழமைக் கட்டத்தில் ஒரு மணி நேரம் என்று இருந்தது.

"அப்ப நானும் வேலையில இருக்கறவனா?"

"விதிப்படி ஆமா."

ஜனவரியில் சிரித்த மாதிரி இப்போது சிரிக்கவில்லை. வேலையில் இருப்பவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது. படிவம் அங்கே அம்புக்குறி போட்டு வேறு பக்கத்துக்குத் தாண்டச் சொல்கிறது. நான் தாண்டவில்லை. வருடம் முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பேன், ஒரு முறை கூட என் குரல் இப்படி ஆனதில்லை.

"வேலை கிடைச்சா பார்க்கத் தயாரா இருக்கீங்களா?"

அவர் தன் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஏழாம் வீட்டுக்காரரின் பனியன் என் கண் முன்னாலேயே நின்றது. இந்த மனுஷனும் வேண்டாம் என்று சொன்னால் எந்தக் கட்டத்திலும் என்னால் எழுத முடியாது என்று நினைத்தேன்.

"பாய்லருக்குன்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க ஜெசி. அது திரும்பி வராது. நீ சுழற்சின்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்." படிவத்தை என் பக்கம் தள்ளிச் சொன்னார்: "கிரில்லோ கேட்டோ எதுன்னாலும் தயார்தான். எழுதிக்க."

எழுத முடியவில்லை. தாள் நனைந்துவிட்டது. அவர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். இரண்டாவது வரியில் ஜெசிந்தா, மனைவி என்று பெரிய பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கண்டிப்பான ஆபீசர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை பார்த்தீர்களா? நேற்று வரை பார்த்தேன். இன்றைக்கு? இல்லை. தயாரா? தயார். அப்ப 81 என்றார். அது தப்பு, நேற்று வரைக்கும் வேலையில் இருந்ததால் இந்த வாரம் நான் வேலையில் இருப்பவள்தான் என்று திருத்தினேன். அடுத்த சனிக்கிழமை வந்து எழுதிக்கொள்கிறேன் என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். அந்த மாவு அரைக்கிறவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று. அக்டோபரில் நடந்ததை நான் இவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அவர் பெயர் என்ன என்றார்.

டிசம்பர் 31, ஞாயிறு

பூசை முடிந்து இரண்டு பேரும் ஏழாம் வீட்டுக்குப் போனோம். கையில் டேப் இல்லை, கழுத்தில் அட்டை இல்லை. அவர் பெயர் வைத்தியலிங்கம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுகிறேன்.

பனியனோடு அதே சுவரில் சாய்ந்திருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் வெல்டர், பத்து மாதமாக வேலை இல்லை என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். இத்தனை சத்தமாக இவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கிரில் பட்டறைகளாகப் பார்த்து ஒரு சுற்றுப் போகலாம் என்று இருப்பதாகவும், ஒரு ஃபிட்டர் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். வைத்தியலிங்கம் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி, இப்போதைக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று இவர் எழுந்தார்.

"இருங்க," என்றார் வைத்தியலிங்கம். சுவரைப் பிடித்து எழுந்து, சட்டை எடுக்க உள்ளே போனார்.